முப்பது தௌ

ஜூலைக் குளிரில் எஞ்சின் பிளாக்கைத் தொட்டால்
விரல் ஒட்டிக்கொள்கிறது.
முப்பத்தேழாம் வருடத்து லாரி. ஆறு சிலிண்டர்.
தக்வரெம்போவின் ஆட்டுரோமம் மொத்தத்தையும்
மொந்தெவிதேயோவுக்குச் சுமந்தது இதுதான்
என்பார் ஏபெர் லாரோசா.
பாதியாவது உண்மையாயிருக்கும்.

கேஜை இறக்குகிறேன்.
மேலே, நெருப்பு வெடிக்கும் இடத்தில், பதினெட்டு.
நடுவில் பதினொன்று.
அடியில் ஒன்றுமில்லை, தொழிற்சாலை விட்ட இடத்திலேயே
நிற்கிறது இரும்பு.
பிஸ்டன் எந்தப் பக்கம் சாய்ந்து சாய்ந்து உழைத்ததோ
அந்தப் பக்கம் வட்டம் முட்டையாகிவிட்டது.

தேய்ந்ததற்கு மருந்து
இன்னும் தேய்ப்பது.
புதிதாய் வருகிறவர்களிடம் சொன்னால்
காசுக்காகப் பேசுகிறாள் என்று நினைக்கிறார்கள்.
ஏபெர் நினைக்கவில்லை.
முப்பது தௌ பெரிய பிஸ்டன் ஆறு
முன்னாடியே வாங்கிவிட்டார், பதினொரு கிடாய் விற்று,
திருப்பி எடுக்காத கடையில்.

போரிங் பார் சுற்றுகிறது.
முதலில் கறுப்புப் பொடி,
பிறகு சாம்பல்,
பிறகு வெள்ளி என்று சொல்லக் கூசும் ஒரு நிறம்.
வார்ப்பிரும்பு சுருளாது, உதிரும்.
என் மாத்தேக் குடுவையிலும் கொஞ்சம் விழுந்தது.
குடித்துவிட்டேன்.

ஐந்து முடிந்தது.
ஆறாவதில், முப்பதுக்கு வந்த பிறகும்
சுவரில் ஒரு மிளகு.
துடைத்தேன். போகவில்லை.
ஏதோ ஒரு கொட்டகையில்
வால்வு திறந்தபடி இருபது வருடம் நின்று
மழையைக் குடித்த வாய் அது.

"இன்னும் பத்து எடுத்தால் போயிடும்."
"ஆறிலுமா, மிர்த்தா?"
"ஆறிலும்."
அவர் சுண்டுவிரலை உள்ளே விட்டார்.
நகம் ஒருமுறை தடுக்கியது.
"மத்த அஞ்சும் என்ன பண்ணிச்சு?"

அதற்கு என்னிடம் அளவுகோல் இல்லை.

ஸ்லீவ் போடலாம் என்றேன்.
கசாப்புக்கடை தெல்மீராவின் ஃப்ரீசரில்,
ஆட்டு விலாக்களுக்கு நடுவே,
ஒரு ராத்திரி முழுக்கப் படுத்திருந்தது அந்தக் குழாய்.
விடியலில் அதைக் கம்பளியில் சுற்றி
நான் ஓட, பின்னால் இரண்டு நாய்கள்.
அகலமாய்க் குடைந்து, தீ காட்டி வைத்த துளைக்குள்
நேராய்ப் பிடித்து
விட்டேன்.

தொப்.

அவ்வளவுதான் சத்தம்.
சூடானது ஆற, குளிர்ந்தது தணிய,
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள
ஒரு சிகரெட் நேரம்.
நாங்கள் இருவரும் பேசவில்லை.
இனி சம்மட்டி போட்டாலும் பிரியாது.

அதையும் முப்பதுக்குக் கொண்டுவந்தேன்.
பிறகு ஹோன் கல்லால் ஆறிலும்
குறுக்கும் மறுக்குமாய்க் கீறல், எண்ணெய் தங்க.
கண்ணாடியாய் விட்டால் ஒட்டாமல் வழிந்துவிடும்,
ஒரு வாரத்தில் பிடித்து நின்றுவிடும்.

செப்டம்பரில் கிளப்பினோம்.
இருமி, நீலமாய்த் துப்பி,
பிறகு ஒரே சீராய்.
பானெட்டைத் தூக்கி, தலையைச் சாய்த்து
கடைசி சிலிண்டர் பக்கம் வெகுநேரம்
காது கொடுத்து நின்றார் ஏபெர்.

"வித்தியாசமே தெரியலையே," என்றார்,
கொஞ்சம் ஏமாற்றத்தோடு.