எட்டாவது வரிசை

யாருக்கு நோய் என்று கேட்டாள் மாம்கீஸே,
வார்விக் பாலத்தடியில்
பட்டையைச் செய்தித்தாளில் சுற்றியபடி.

ஒரு பையனுக்கு.
வயது?
பதினான்கு.
எத்தனை நாளாய்?
நான் பிறப்பதற்கு முன்பிருந்து.

சுற்றிய கை நின்றது.
மேலே வேன்காரன் உம்லாசி, உம்லாசி என்று
கூவிக்கொண்டிருந்தான்.

பையன் போய்விட்டான் என்றேன்.
அவன் ரத்தத்தில் கெட்டது மட்டும் போகவில்லை.
குப்பியில் வளர்கிறது.
இரண்டு நாளைக்கொருமுறை பாதியைக் கொட்டிவிட்டு
மீதிக்குத் தீனி வைக்கிறோம்.

செத்தவனுக்கா மருந்து என்றாள்.
இருபது ராண்ட் குறைத்துக்கொண்டாள்.
இரக்கமா, பயமா, கேட்கவில்லை.

வெஸ்ட்வில் குன்றில் மூன்றாம் மாடி.
இடித்து, மெத்தனாலில் ஊறவைத்து,
வடித்து, வற்றவைத்து
கடைசியில் நகக்கண்ணளவு பிசின்,
அடிப்பிடித்த புளிக்குழம்பு வாசனையோடு.

தட்டில் தொண்ணூற்றாறு குழி.
ஏழு வரிசை பையனுக்கு.
எட்டாவதில் என் ரத்தத்து வெள்ளணுக்கள்.
ஒப்பிட நல்லது கொஞ்சம் வேண்டுமே.
பிரிதேஷ்தான் ஊசி போட்டான்,
இரண்டு முறை நரம்பைத் தவறவிட்டு.

மின்வெட்டு அட்டவணையில் எங்கள் முறை இரவு பத்துக்கு.
ஜெனரேட்டர் இருமி இருமி உயிர் பிடிக்கும்வரை
இருட்டில் அந்தப் பெட்டியின்மேல்
கை வைத்து நின்றேன்.
முப்பத்தேழு டிகிரி.
காய்ச்சல் விட்ட நெற்றி.

மூன்றாம் நாள் சாயம்.
உயிருள்ள குழி ஊதாவாகும்,
செத்தது மஞ்சளாகவே நிற்கும்.
மஞ்சளுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் நாங்கள்.
அம்மாவிடம் சொன்னால் நல்ல நிறம்தானே என்பாள்.

முதல் வரிசை, மருந்து படாதது, ஊதா.
அடுத்தது கொஞ்சம் வெளிறல்.
நாலிலிருந்து மஞ்சள், மஞ்சள்,
பிரிதேஷ் மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டான்,
ஏழு மஞ்சள்.

எட்டும்.

தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
பையில் வைத்துக்கொண்டான்.

பதிவேட்டில் எழுதினேன்:
பட்டை 17. கொல்கிறது. ஆள் பார்ப்பதில்லை.
ப்ளீச் ஊற்றி
அவனையும் என்னையும் ஒரே வாளியில் கொட்டினோம்.
அன்று குப்பிக்குத் தீனி வைக்கும் நாள்.
வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி பாலத்தடி.
பையன் எப்படியிருக்கிறான்?
அப்படியேதான்.

மாம்கீஸே என் முழங்கை மடிப்பின்
கன்றிய நீலத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
வேறொரு மூட்டையை அவிழ்த்தாள்.

இந்த முறை
முழு விலை.