பதினொரு மண்டல்கள்

ஆற்காடு சாலை, மருந்துக்கடை மாடியில் ஸ்கேன் சென்டர்.
ஆறாயிரத்துக்கு ஒப்புக்கொண்ட மென்பொருள்.
இரண்டரை இன்னும் வரவில்லை.

முதலில் நான் எழுதியது இப்படி:
பெயரை அடி, என்டரைத் தட்டு,
பொருந்துகிற முதல் கோப்பு தானாகத் திறக்கும்.
யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை என்று
டாக்டரிடம் பெருமையாகக் காட்டினேன்.
சோதித்தது என் அண்ணன் பெயரை வைத்து.
ஏகாம்பரம் என்று அந்த டேபிளில்
ஒருத்தர்தான்.

மூன்றாம் நாள் எப்சிபா போன் செய்தாள்.
குரலில் கோபமில்லை, அதுதான் பயமாயிருந்தது.
"அண்ணா, மண்டல்னு அடிச்சேன்.
வந்த அம்மாவுக்கு வயசு அறுபது.
திறந்தது ஒரு பையனோட முழங்கால்.
கையில குடுக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டேன்."
கொஞ்சம் நிறுத்தி,
"இந்தத் தடவை."

சத்துவாச்சாரியிலிருந்து பஸ் ஏறினேன். மே மாதம்,
கம்பியைப் பிடிக்க முடியவில்லை.
வங்காளத்திலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவர்கள்
படிக்கட்டு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்,
ஸ்கேன் உறையை விசிறியாக்கி.
முட்டிகளைத் தாண்டித் தாண்டி ஏறும்போதுதான்
என் டேபிளில் இருப்பது இவர்கள் என்று
உறைத்தது.

இருட்டுவதற்குள் மாற்றிவிட்டேன்.
இனி முதல் கோப்பு என்று ஒன்று இல்லை.
பொருந்துவதெல்லாம் வரும், பட்டியலாக:
பெயர், வயது, ஊர், தேதி.
மண்டலுக்குக் காலை ஷிப்ட் 'ஏ' போடும், மாலை ஷிப்ட் 'ஓ' போடும்,
இரண்டும் சிக்கும்படி நடுவில் ஒரு கேள்விக்குறி.
தேர்ந்து, இருமுறை தட்டினால் திறக்கும்.
கோப்பு இடம் மாறிப் போயிருந்தால்
கிடைக்கவில்லை என்று சொல்லும்.
பதிலுக்கு வேறொன்றைத் திறக்காது.

எப்சிபா அடித்தாள். பதினொரு மண்டல்.
கண்ணாடிக்கு அப்பால் நின்றவரிடம்
"காவ்ங்? கௌன்சா காவ்ங்?" என்றாள்,
காட்பாடி தாண்டாத இந்தியில்.
அவர் சொன்ன ஊர் எங்கள் காதில் நிற்கவில்லை.
எழுதச் சொல்லிப் பேனா நீட்டினாள்.
அவர் பேனாவை வாங்காமல்
சட்டைப்பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்,
வியர்வையில் நாலாக மடிந்தது.
ஏறிய இடம் மால்டா.
அவள் விரல் திரையில் மெதுவாக இறங்கி
ஏழாவதில் நின்றது.

திறந்தது.
எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது.
கறுப்புக்கு நடுவே ஏதோ ஒன்று,
இருக்க வேண்டியதைவிட வெள்ளையாக.
எப்சிபா ஆறு வருஷமாகப் பார்க்கிறாள்.
திரையை ஒரு சாண் தன் பக்கம் திருப்பிக்கொண்டு
"பைட்டியே" என்றாள் அவரிடம்,
நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்துவிட்டு.

அதற்கு நான்
ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டாள்,
பட்டியலில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா,
ராத்திரி ட்யூட்டி கோதண்டபாணிக்குக் கண் பத்தாது.
முடியும் என்றேன்.
பாக்கியைக் கேட்க அன்றைக்கும் வாய் வரவில்லை.