கடைசி இறக்கம்

பதினோரு பிள்ளைகள் என் வேனில்.
ஜெலுத்தோங்கில் நான்கு, சுங்கை பினாங்கில் இரண்டு,
மிச்சமெல்லாம் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகள்.
யுகனேஸ்வரி வீடுதான் பள்ளிக்கு மிக அருகில்.
"என்னைக் கடைசியா இறக்குங்க அக்கா" என்றாள்,
மூன்றாம் ஆண்டு தொடங்கிய வாரம்.
ஊர் சுற்ற ஆசை என்று நினைத்து
சிரித்துக்கொண்டே சரி என்றேன்.
அந்தச் சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

மற்றதெல்லாம் ஏறியதும் தூங்கிவிடும்,
ஒன்றின் தோளில் ஒன்று எச்சில் வடித்து.
அவள் மட்டும் பையை மடியில் வைத்து
இரண்டு கையாலும் பிடித்திருப்பாள்.
கண்ணாடியில் தெரியும்.
சாலையைப் பார்க்கத்தான் அந்தக் கண்ணாடி;
சாலையைத்தான் பார்த்தேன்.

ஒரு புதன்கிழமை, வகுப்பில்,
இடக்கையைத் தாளில் வைத்து வரையச் சொன்னார் நளாயினி டீச்சர்.
யாரும் தொடக்கூடாத இடங்களுக்கு
மழுப்பாமல் பெயர் சொன்னார்.
பிறகு, விரலுக்கு ஒருவராக,
நீ எதைச் சொன்னாலும் நம்புகிறவர் பெயரை எழுது என்றார்.
அம்மா என்று எழுதினார்கள், அத்தை, பெரியண்ணன்;
ஒருவன் தன் பூனையை எழுதினான்.
யுகனேஸ்வரி நான்கு விரலை வெறுமனே விட்டுச்
சுண்டு விரலில் நெருக்கி எழுதியிருந்தாள்:
பி ஜே டபிள்யூ 3308.

அது என் வேன் நம்பர்.
என் பெயர் அவளுக்குத் தெரியாது.

டீச்சர் அந்தத் தாளோடு கேட்டுக்கு வந்தபோது
நான் பீசாங் கோரெங் தின்றுகொண்டிருந்தேன்.
கையெல்லாம் எண்ணெய். தாளைத் தொட முடியவில்லை.

பிறகு நடந்ததை அழகாகச் சொல்ல எனக்கு வராது.
காவல் நிலையத்தில் நான்கு மணி நேரம்.
மருத்துவமனையில் ஒரு பச்சைத் திரை.
பாயான் லெப்பாஸ் இரவு வேலையிலிருந்து அவள் அம்மா
தலைக்கவசத்தைக் கழற்றாமலே வந்து
தரையில் உட்கார்ந்தாள்.
பாதி வாடகை கொடுத்து அந்த வீட்டில் இருந்தவனை
"நல்ல தம்பி" என்று நாங்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறோம்.
நானும்தான்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள்.
"வெளிய தெரிஞ்சா பேர் கெட்டுடும்" என்றார் தலைவர்.
நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த செண்பகவல்லி
நிமிராமலே கேட்டாள்:
"யார் பேருங்க?"
அடுக்கிய நாற்காலிகளை மறுபடி பிரித்துப் போட்டோம்.
கூட்டம் பத்தரை வரை போனது.

ஏழாம் மாடி காக் ரோஸ் வீட்டுச் சாவி ஒன்று தந்தார்.
மீ விற்கும் ஆ லியான் கடைக்குப் பின்னால்
மேசை போட்டுத் தந்தாள், வீட்டுப்பாடம் செய்ய.
சில கணக்குகளில் சோயா சாஸ் சொட்டியிருக்கும்.
லிப்ட் கெட்ட நாளில் பதின்மூன்று மாடியும்
பெண்பிள்ளைகளோடு கூட ஏற ஆள் முறை உண்டு.
செண்பகவல்லி கணவர் மாடிக்கு மாடி நின்று
மூச்சு வாங்க வாய்ப்பாடு சொல்கிறார்:
"ஏழெட்டு ஐம்பத்து நாலு."
அவர்கள் திருத்துகிறார்கள், கத்தி.

வழக்கு இன்னும் முடியவில்லை.
சிலர் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள்;
இரண்டு பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விட்டன.

சனிக்கிழமை பெரியவர்களுக்கும் அந்த வகுப்பு.
என் கை தாளுக்குள் அடங்கவில்லை.
ஒன்பது வயதில் எனக்கு
எத்தனை விரல் நிரம்பியிருக்கும் என்று யோசித்தேன்.
பேனாவை மூடிவிட்டேன்.

ஆனால் வேன் கதவில் பெயர் எழுதிவிட்டேன்,
சிவப்புப் பெயிண்டில், பிள்ளைகள் கண்ணுக்கு நேராக:
தேவகுஞ்சரி.

போன செவ்வாய் நல்ல மழை.
இப்போதெல்லாம் முதல் இறக்கம் அவள்தான்.
வேனை நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தேன்.
பை காலடியில் விழுந்து கிடக்க,
வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

காக் ரோஸுக்குப் போன் போட்டுக்
கொஞ்சம் லேட்டாகும் என்றேன்.
எழுப்பாமல்
மற்றவர்களை இறக்கப் போனேன்.