சத்தம் போடாத ரிலே

மூன்றாவது மோட்டாரையும் மேசைமேல் வைத்துவிட்டு
சிசானா ஒன்றும் பேசவில்லை.
வேன் சாவியை ஆணியில் மாட்டினாள், அவ்வளவுதான்.
ரிகோட்டி ஏற்றத்தில் பதினொரு பயணிகள்,
பின்கூண்டில் இரண்டு வான்கோழி.
வேன் ஆவி கக்கி நின்ற இடத்தில்
மண்பானை விற்கிறவர்தான் தண்ணீர் கொடுத்தாராம்,
பானைக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டு.

முதல் மோட்டாருக்கு, செய்தவனைத் திட்டினேன்.
இரண்டாவதற்கு, ருஸ்தாவிச் சந்தையை.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பழைய ரிலே ஒவ்வொரு முறையும் 'டக்' என்று சொல்லிவிட்டுத்தான்
வேலையைத் தொடங்கும்.
முனை தீய்கிறதென்று, பனி உருகிய வாரத்தில்
அதைக் கழற்றியவன் நான்.
இந்தக் கறுப்புக் கட்டியை வைத்தவனும் நான்:
சாலிட் ஸ்டேட். அசைகிற உறுப்பே இல்லை, தேயாது,
ஆயுசுக்கும் கவலை விட்டது என்று
குட்டாய்சி முழுக்கக் கேட்கும்படி சொன்னவனும்.

இன்று ஆற அமர மீட்டரை எடுத்தேன்.
எஞ்சின் குளிர்ந்திருக்கையில்
மோட்டார் முனையில் பதின்மூன்று வோல்ட்.
இருபது நிமிடம் ஓடவிட்டேன்.
பிட்சினா வைத்த தேநீர் ஆறியது.
பன்னிரண்டு.
பத்தரை.
ஒன்பது.
கட்டியைத் தொட்ட விரலைக்
காதுமடலில் வைத்துக்கொண்டேன்.

ரேடியேட்டரின் அனல் வந்து மோதுகிற இடத்தில்
அதைத் திருகியிருக்கிறேன்,
சூட்டை வாங்க ஓர் அலுமினியத் தகடுகூட இல்லாமல்.
வெந்துகொண்டே அது பாதி மின்சாரத்தை விழுங்க,
மிச்சத்தில், அரைப்பட்டினியில், மலை ஏறியிருக்கிறது மோட்டார்.
நிறுத்தும்போதெல்லாம்
சுருளில் மிஞ்சிய துள்ளல் திரும்பிப்போக வழியின்றி
ரிலேயின் நெஞ்சிலேயே அறைந்திருக்கிறது.
ஊமைக் காயம். ஒரு 'டக்' கூட இல்லை.
குறுக்கே ஒரு டையோடு போதும்.
இரண்டு லரி.
என் இழுப்பறையில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

குப்பைப் பீப்பாயைக் கவிழ்த்தேன்.
முட்டைக்கோஸ் தழைக்கு அடியில் முதல் மோட்டார்.
பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி கொடுத்தேன்.
தயங்கியது. கரித்தூளைத் துப்பியது.
பிறகு
சுற்றியது.

சிசானா கிட்டே வந்து பார்த்தாள்.
"அப்படியென்றால் நான் கொடுத்த நானூற்று இருபது?"

இறக்கையில்லாத மோட்டார்
பட்டறை முழுக்க இரைந்தது.
கம்பியை எடுத்தால் நிற்கும்.
நான் எடுக்கவில்லை.