பற்று வரவு

ஐந்து நிமிடம். அதற்கு மேல் விட்டால்
செல் செத்துவிடும் என்பார் டாக்டர் லிம்.
டிரிப்சினை வடித்துவிட்டுக்
குடுவையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு.
மகன் கைக்குழந்தையாய் இருந்தபோது
ஏப்பத்துக்குத் தட்டிய அதே தட்டு.
தரையோடு ஒட்டிக் கிடந்தவை
உருண்டு உருண்டு மிதக்கின்றன.
கொஞ்சம் கால்சியத்தை உறிஞ்சினோம், அவ்வளவுதான்.
கோத்திருந்த விரல்கள் கழன்றுகொள்ள
அது போதும்.

குளுகோர், இரண்டாம் மாடி.
ஜன்னலில் பாலம், பாலத்தில் லாரிகள்,
பிறைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு.

மாதிரி எண் பதினேழு.
பெயர் எங்களுக்கு வராது, சட்டம்.
ஆண், ஐம்பத்தெட்டு, பெருங்குடல்.
தொழில் என்ற கட்டத்தில் மட்டும்
யாரோ மை பூச மறந்துவிட்டார்கள்:
படகு சுரண்டுபவர், பத்து மாவுங்.

உப்புத் தண்ணீருக்குள்ளேயே பசை காய்ச்சி
மரத்தோடு மரமாகிவிடும் கொட்டலசை
உளியால் நாள் முழுக்கப் பெயர்த்தவருக்கு
எது எதை எப்படிப் பிடிக்கும் என்று
நான் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனாலும் சொல்கிறேன், பதினேழு.
ஒழுங்கான குடலில் செல்லும் செல்லும்
தோளோடு தோள் நெருக்கி நிற்கும்.
ஒட்டுப் புரதம் அந்த இடுக்கில் இருக்கும்,
நெரிசல் பஸ்ஸில் கோத்த கை மாதிரி
வெளியே தெரியாது.
புற்றுக்கு வரிசை கிடையாது.
பிடியை விட்டுவிட்டுக்
கையை மட்டும் மேலெல்லாம் முளைக்கவிட்டிருக்கிறது.
எதையும் பிடிக்காத கைகள், ஆயிரக்கணக்கில்.
அப்படியே ரத்தத்தில் இறங்கிக்
கல்லீரலில் கரை தட்டும்.

அந்தக் கைதான் எங்கள் குறி.
மருந்தின் ஒரு முனை அதைப் பற்றும்,
மறுமுனை உங்கள் சொந்த டி செல்லை.
பக்கத்திலேயே கொட்டாவி விட்டு நின்ற காவல்காரனை
சட்டையைப் பிடித்து இழுத்து
இவன்தான் என்று காட்டிக்கொடுக்கிற வேலை.

புதன்கிழமை இரவு ஒன்பதரை.
திரையில் உங்கள் செல்கள் பச்சையாய் எரிந்தன.
நூர் ஹிடாயா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.
டாக்டர் லிம் சிரிக்கவில்லை.
அடுத்த கிண்ணத்தை வைத்தார்:
உங்கள் நல்ல குடல், கடுகளவு.
அதுவும் பச்சை.
மங்கல்தான். ஆனால் பச்சை.

பிரிந்து போனதன் கையும் பிரியாததன் கையும்
ஒரே அச்சு.
அளவைக் கூட்டினால் குடலே உரிந்துபோகும்,
குறைத்தால் அது தப்பிக்கும்.
பலகையில் இறங்கிவிடாமல்
கொட்டலசை மட்டும் எடுக்க
உளியை எவ்வளவு சாய்க்க வேண்டுமென்று
உங்கள் மணிக்கட்டுக்குத் தெரிந்திருக்கும்.
யாரிடம் கேட்பது. பெயர் இல்லை.

ஃப்ரீசர் நோட்டில்
பற்றும் வரவும் நான்தான் எழுதுகிறேன்.
வரவு: பதினேழு, இரண்டாம் மாதிரி, வியாழன்.
வெள்ளியும் போயாயிற்று.
கட்டம் காலியாகவே இருக்கிறது,
கோடு போட மனம் வரவில்லை.
ஹிடாயா வாங்கி வந்த தே தாரே
பையிலேயே ஆறி ஆடை கட்டியது.

சனிக்கிழமை மகனை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு
பத்து மாவுங் போனேன். மீன் வாங்கத்தான்.
கரையேற்றி முட்டுக் கொடுத்த படகொன்று,
பாதி சுரண்டியது.
ஒரு பக்கம் வழவழவென்று நீலம்,
மறுபக்கம் சாம்பல் வெள்ளையாய்க் கொட்டலசு.
வேலை ஏன் நின்றது என்று
இறால் கொட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்க
வாயெடுத்து, விலை கேட்டேன்.

விரலால் ஒன்றை அசைத்துப் பார்த்தேன்.
அசையவில்லை, கீறிவிட்டது.
மகன் தன் சட்டை நுனியைச் சுற்றி
அழுத்திப் பிடித்துக்கொண்டான்.
போதும், விடுடா என்றேன்.
இன்னும் வருகிறது என்றான்,
விடவில்லை.