ஒரே ஒரு தட்டல்

பெரும்பாக்கம், ஏழாவது மாடி.
மூன்று சேய்ப் பிராசஸ்கள் இறந்தன;
தாய்க்குப் போனது ஒரே சிக்னல்.

கெர்னல் எண்ணுவதில்லை.
எரிகிற விளக்கை
மறுபடி எப்படி ஏற்றும்?
தாய் அந்நேரம் காதை மறித்திருந்தது.
விலக்கியதும் வாசலில்
ஒரே ஒரு தட்டல்.
ஒன்றை அடக்கம் செய்துவிட்டு
வேலைக்குத் திரும்பிவிட்டது.
மற்ற இரண்டும் இன்னும் பட்டியலில்,
உடம்பில்லாத எண்களாக.

மெஹருன்னிசா ஒரு லூப் எழுதுகிறாள்:
இன்னும் யாராவது? இன்னும் யாராவது?
இல்லையென்று பதில் வரும்வரை.

ஐந்தரை மணி.
ஹெட்போனைக் கழற்றினால்
கீழே தண்ணி லாரி, ஒரு ஹாரன்.
எத்தனையாவதோ.

லிஃப்ட் ஓடவில்லை.
இரண்டு குடத்தோடு படியிறங்குகிறாள்,
மாடிக்கு மாடி கதவைத் தட்டி:
"லாரி வந்தாச்சு,
இன்னும் யாராவது?"