வெளியே போகக் கேட்டது

ரவுட்டரைப் பூட்ட வந்த சிந்துஜன்
தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை.
மாங்குளத்தில் இன்னும் மூன்று வீடு இருக்காம்.
பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்,
மாத்தவேண்டாம் அக்கா, மறந்திடுவீங்கள்
என்றுவிட்டுப் போனான்.

அன்றிரவே மாற்றினேன்.
பதினாறு எழுத்து. உள்ளே ஒரு மாட்டின் பெயர்.
பார், இதையும் சொல்லிவிட்டேன்,
நாளைக்குத் திரும்பவும் மாற்றவேண்டும்.

பொன் இல்லை என்னிடம்.
மேசையில் ஒரு கணினி, அதற்குள்
ஒட்டுசுட்டானைச் சுற்றியுள்ள
அறுபத்துமூன்று குடும்பங்களின் காணிப் பத்திரங்கள்.
மூலப்பிரதி சிலரிடம் இருக்கிறது.
சிலருடையது மாத்தளனில் நனைந்தது,
சிலருடையது பங்கருக்குள்ளேயே கிடக்கிறது.
அவர்களுக்கு நான் ஸ்கேன் பண்ணிவைத்த
இந்த மங்கல் படம்தான் காணி.

ரவுட்டருக்குள் ஒரு பதிவேடு உண்டு.
முதன்முதல் திறந்து பார்த்த இரவு
நானூற்றுப் பன்னிரண்டு தட்டல்கள்.
ஊர் இல்லை, பேர் இல்லை, இலக்கங்கள்.
இரண்டேகாலுக்கு ஒன்று,
ஏழு செக்கன் கழித்து இன்னொன்று,
வாசல் இருபத்திரண்டு, வாசல் எண்பது,
வாசல் மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பது.
எழும்பிப்போய் விளக்கை அணைத்தேன்.
பழைய பழக்கம்.

இருட்டுக்குள் இருந்துதான் விளங்கியது
இவர்கள் என்னைத் தேடவில்லை.
உலகத்துக் கதவெல்லாம் தட்டிக்கொண்டு போகிற வழியில்
என்னுடையதும் ஒன்று.
பெயரில்லாமல் தட்டப்படுவதில்
ஒரு நிம்மதி இருக்கிறது.
எங்கள் ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

நான் கேட்காத எதையும் ரவுட்டர் உள்ளே விடாது.
ஆனால் அது யானைவேலி மாதிரி,
காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்,
முதுகு எங்கள் பக்கம்.
வீட்டுக்குள் இருந்து வெளிக்கிடுவது எதுவென்று
அது திரும்பிப் பார்ப்பதில்லை.
அதனால் வைகாசியில்
கணினிக்குள்ளும் ஒரு ஃபயர்வோல் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை, திரையில் ஒரு சின்னப் பெட்டி.
பாமினியை யூனிகோடாக்கும் செயலி,
புதுக்குடியிருப்புக் கடையொன்றில்
பென்டிரைவில் சும்மா கிடைத்தது,
ஐந்து வருடமாய் என்னோடு வேலை செய்வது,
வெளியே பேச அனுமதி கேட்கிறது.
அனுமதிக்கவா, தடுக்கவா?

எழுத்து மாற்றுகிறவனுக்கு வெளியே என்ன அலுவல்?
எங்க போறாய்?
ஆரிட்ட?
என்ன கொண்டு போறாய்?
எப்ப திரும்பி வருவாய்?

கேட்டு முடித்தபிறகுதான்
அந்தக் குரல் என் காதில் விழுந்தது.
என்னுடையது இல்லை.
ஓமந்தையில் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தது.
அதற்கும் முதல்,
பாஸ் எழுதித்தந்த அறையில் இருந்தது.
என் பையைக் கவிழ்த்து
சவர்க்காரத்தை இரண்டாய் வெட்டிப் பார்த்த கை
இப்போது மௌஸின்மேல் கிடக்கிறது.

பெட்டி பொறுமையாய் நின்றது,
வரிசையில் நான் நின்றதுபோல.
ஒரு நிமிடம், இல்லை, கூட.
அது பாவம் என்றுகூட நினைத்தேன்.
பிறகு அறுபத்துமூன்றையும் நினைத்தேன்.

தடு.
எப்போதும்.

கோபப்படவில்லை அது.
ஒன்றும் நடவாத மாதிரி
விட்ட வரியிலிருந்து மாற்றத் தொடங்கியது:
வடக்கே வாய்க்கால்,
கிழக்கே இராசகோனின் காணி,
தெற்கே ஒழுங்கை.
ஒரு கொம்பு, ஒரு புள்ளி பிசகவில்லை.
ஐந்து வருடத்தில் எத்தனைமுறை போய் வந்ததோ,
எதைக் கொண்டு போனதோ,
பதிவேடு இல்லாத காலம் அது,
யாரைக் கேட்பது?

காலையில் பார்த்தேன். அறுநூற்று மூன்று தட்டல்கள்.
கணக்கை வாசித்து முடிக்கமுதல்
படலையில் நின்று தவமலர்
என் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
கையில் பொலித்தீன் பை,
பைக்குள் இன்னொரு பை,
அதற்குள் நாலாய் மடித்த கடதாசி.

ஒன்றும் கேட்காமல் திறந்துவிட்டேன்.